காவல் நிலைய முத்திரையை நம்பி வந்தவர்கள்

கலிபோர்னியாவில் இருக்கும் மைத்துனி ஆறு மணி நேர வகுப்பும் ஒரு தேர்வும் முடித்து நோட்டரி (ஆவணங்களுக்குச் சான்றளிப்பவர்) ஆகிவிட்டாராம். டர்பனிலும் அப்படி ஆகலாமா என்று அண்ணன் ஒருவர் கேட்டிருந்தார். முடியாது, அண்ணா. கலிபோர்னியாவில் 18 வயது நிரம்பியவர் கைரேகை கொடுத்து, 15,000 டாலருக்குப் பிணைப் பத்திரம் வைத்தால் 4 ஆண்டுகளுக்கு நியமனம். இங்கே தென்னாப்பிரிக்காவில் முதலில் அட்டர்னி எனும் வழக்கறிஞராக வேண்டும். பிறகு நோட்டரிக்கென்று தனித் தேர்வு, உயர் நீதிமன்றத்தின் அனுமதி.

நான் அந்தத் தேர்வை எழுதியதற்கு ஒரு பெண் காரணம். அப்போது பயிற்சியில் இருந்தேன். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து அப்பாவோடு வந்திருந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரே ஒரு தாள். ஓரத்தில் மஞ்சள் பதிந்த கட்டைவிரல் ரேகை; நலங்கு வைத்த அன்று கையெழுத்துப் போட்டதாம். 'அவரவர் சொத்து அவரவருக்கு' என்று இருவரும் எழுதி, காவல் நிலையத்தில் முத்திரை வாங்கியிருந்தார்கள். மறுநாள் கோயில் மண்டபத்தில் தாலி; அங்கேயே திருமண அதிகாரி முன் பதிவேட்டிலும் கையெழுத்து.

மூன்று ஆண்டுகளில் கணவரின் லாரித் தொழில் நொடித்துப்போனது. திருமணத்துக்கு முன் அந்தப் பெண் தன் சம்பளத்தில் வாங்கிய வீட்டுக்கும் கடன்காரர்கள் வந்துவிட்டார்கள்.

"முத்திரை இருக்கிறதே, அம்மா?" என்று அந்தத் தந்தை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அந்த முத்திரை உறுதிமொழி ஆணையருடையது, அதாவது சத்தியம் செய்து கையெழுத்திடுவதைச் சான்றளிப்பவருடையது. காவலர் அதை இலவசமாகப் போட்டுக் கொடுக்கிறார்; கட்டணம் வாங்கவே கூடாது என்பது விதி. ஆனால் திருமண ஒப்பந்தம் கடன்காரர்களைக் கட்டுப்படுத்த வேண்டுமானால், திருமணத்துக்கு முன்பே நோட்டரி முன் எழுதி, 3 மாதத்துக்குள் பத்திரப் பதிவகத்தில் பதிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் சொத்தும் கடனும் இருவருக்கும் பொது. பின்னால் மாற்ற நினைத்தால் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி இருவரும் சேர்ந்து உயர் நீதிமன்றம் போகலாம். ஏற்கெனவே கடன் கொடுத்தவர்களை அது பாதிக்கக் கூடாது. வீடு போய்விட்டது. அந்த மஞ்சள் ரேகை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தயவுசெய்து முகூர்த்தம் குறித்த வாரமே நோட்டரியைப் பாருங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு சகோதரியின் பதில்:

படித்ததும் நெஞ்சு கனத்தது. என் மகள் கல்யாணத்துக்கு முன் நோட்டரியிடம் போனபோது சம்பந்தியம்மாள், "தாலி ஏறும் முன்பே பிரிவினைப் பேச்சா?" என்று முகம் சுளித்தார். நோட்டரி பொறுமையாக ஒவ்வொரு பத்தியாக வாசித்து விளக்கினார். தனித்தனிச் சொத்து என்று எழுதினாலும், வேண்டாம் என்று குறிப்பிட்டு விலக்காவிட்டால், மணவாழ்க்கையில் பெருகியதில் இருவருக்கும் பங்கு உண்டு என்றார். அதைக் கேட்ட சம்பந்தியம்மாளே, "அந்தப் பங்கை விலக்க வேண்டாம், என் மருமகளுக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.