ஃப்ரெடி புயலுக்குப் பின் மலாவி: விதை, கொடி, நனைந்த சோளம்

கரிசல்மண்:
2023 மார்ச்சில் மலாவியின் தென்கோடி ன்சாஞ்சே, சிக்வாவா மாவட்டங்களில் வெள்ளம் புகுந்தபோது மக்காச்சோளம் முற்றிக்கொண்டிருந்த நேரம். அடுத்த விதைப்புக்கு எடுத்துவைக்க வேண்டிய கதிரும் அதோடு போயிற்று. அங்குள்ள மிஷனரிகளுக்குப் பணம் அனுப்புகிறவர்கள் மாவு மூட்டையோடு நிறுத்திவிடக் கூடாது. ஷிரே ஆறு வடிந்ததும் டிம்பா எனப்படும் கரையோரத் தாழ்நிலத்தில் ஈரம் தங்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை அதை நம்பி விதைக்கலாம். மக்காச்சோளம், தட்டைப்பயறு எல்லாம் 90 நாள் ரகமாகப் பாருங்கள்.

விதை கொடுக்கும் அன்றே மாவும் கொடுங்கள். இல்லாவிட்டால் விதை உலைக்குப் போய்விடும். கடை விதையில் நச்சு மருந்து பூசியிருக்கும், கழுவினாலும் முழுதாகப் போகாது.

வள்ளிக்கொடி:
சர்க்கரைவள்ளியை விட்டுவிட்டீர்களே. கிழங்குக்கு நாலு மாதம் ஆனாலும் கீரை சில வாரத்திலேயே பறிக்கலாம். நட 30 செ.மீ. கொடித்துண்டு, அதில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள், துண்டுக்குத் துண்டு 30 செ.மீ. இடைவெளி. கெடுவது பெரும்பாலும் லாரியில்தான்: சாக்கில் திணித்தால் புழுங்கி அழுகிவிடும். தளர்வாகக் கட்டி, நிழலில் நிறுத்தி, இரண்டு மூன்று நாளுக்குள் நட்டுவிட வேண்டும். வெள்ளம் கொட்டிய மணல் ஒரு சாண் கனத்துக்குள் இருந்தால் உழுது கலக்கலாம். முழங்கால் அளவென்றால் அந்த நிலத்தை இந்த வருஷம் மறந்துவிடுங்கள்.

தார்ப்பாய்:
நனைந்த கதிரை மூட்டை கட்டினால் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் நஞ்சு ஏறும். வேகவைத்தாலும் அது போகாது. காய்ந்ததா என்று பார்க்க உலர்ந்த போத்தலில் கொஞ்சம் மணியும் நன்றாகக் காய்ந்த உப்பும் போட்டுக் குலுக்குங்கள். உப்பு சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். சேமிக்க 13 வேண்டும் என்பதால், ஒட்டாவிட்டாலும் இன்னும் ஓரிரு நாள் வெயில் காட்டுவது நல்லது. சிமெண்ட் தரை உள்ள கட்டடம் சர்ச்சும் பள்ளியும்தான், அங்கேயோ ஜனம் தங்கியிருக்கும். ஆகவே கதிரை விரித்துக் காயவைக்கத் தார்ப்பாயை, அனுப்பும் பொருள்களின் பட்டியலில் மேலே போடுங்கள்.

மிஷன்வாசல்:
பட்டியல் என்றதும் ஒன்று, உதவி பெறுகிறவர்களின் பட்டியலைப் பற்றி. சபையை நடத்தும் உபதேசியாரிடம் மட்டும் பெயர் கேட்டால் அவர் சபையார் பெயர்தான் வரும். கிராமத் தலைவர், பக்கத்துச் சபை, மசூதி எல்லாரையும் உட்காரவைத்து எழுதி, கொடுப்பதற்கு முன்பே பொதுவில் வாசித்துவிடுங்கள். விட்டுப்போன கைம்பெண் வீடுகளை அங்கேயே யாராவது சொல்லிவிடுவார்கள்.