ரெவிட் ஷெட்யூலில் பிளாக் வேலை 62 கனமீட்டர் கூட வருகிறது, எங்கே தப்பு?

ஹொரமாவு திருச்சிக்காரன்:
வணக்கம். பெங்களூர் ஹொரமாவில் தரைத்தளமும் 3 மாடியும், 16 வீடு, எஸ்டிமேட் என் தலையில். 8 அங்குல சாலிட் பிளாக் சுவர், ரெவிட் (கட்டிட மாடல் வரையும் மென்பொருள்) தானே எடுத்துத் தரும் அளவுப் பட்டியலான ஷெட்யூலில் 410 கனமீட்டர், எக்செல்லில் கையால் போட்டால் 348. எங்கள் ரேட் கனமீட்டருக்கு 6,000, இந்த ஒரு வரியிலேயே 3.7 லட்சம் உதைக்கிறது. தூண் வரும் இடத்தில் சுவரை வெட்டித்தான் வரைந்திருக்கிறேன், கதவு ஜன்னலும் கழிந்துதான் வருகிறது. மாடல் தப்பு பண்ணாது, உன் கணக்குதான் தப்பு என்கிறார் முதலாளி. நாளை மறுநாள் ஓனர் வருகிறார்.

பீம்பாய்:
சுவர் பீமுக்குள் ஏறியிருக்கும் சார். ஜாயின் ஜியாமெட்ரி போடுங்க, ஏறிய பகுதி கழிஞ்சிடும்.

ஹொரமாவு திருச்சிக்காரன்:
போட்டேன். பீமைத் தொட்டால் செலக்டே ஆகவில்லை.

பழைய பில் இன்ஜினியர்:
தம்பி, அப்படியென்றால் பீம், தூண் இருக்கும் ஸ்ட்ரக்சர் ஃபைல் தனியாக இருந்து உன் மாடலில் லிங்க்காக வந்திருக்கிறது, அதோடு ஜாயின் ஆகாது. மாடி உயரம் 3 மீட்டர், பீம் ஆழம் 450 மி.மீ. தானே? சுவரைத் தளத்துக்குத் தளம் முழுசாக இழுத்திருப்பாய். 3-க்கு 0.45 என்றால் 15 சதவீதம், 410-இல் அதைக் கழித்தால் 348.5. ஓப்பனிங், பீம் இல்லாத சுவர் என்று கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் திருடன் இவன்தான். சுவரின் மேல் முனையை இறக்கும் டாப் ஆஃப்செட்டில் -450 கொடு, பீம் இல்லாத இடத்தில் ஸ்லாப் கனம் மட்டும்.

ஹொரமாவு திருச்சிக்காரன்:
351 வந்துவிட்டது அண்ணா! ஆனால் சுவர் பரப்பை இரண்டால் பெருக்கித்தான் பூச்சு எடுத்திருந்தேன், இப்போது அது குறைந்துபோனது.

பழைய பில் இன்ஜினியர்:
குறையத்தான் செய்யும். பீம் பக்கவாட்டையும்தான் பூசுகிறார்கள், அது சுவர் ஷெட்யூலில் எப்படி வரும்? பீமுக்குத் தனி ஷெட்யூல் போட்டு, லிங்க்கில் இருப்பதையும் சேர்க்கும் டிக்கைப் போடு, நீளம் வந்துவிடும். அப்புறம் இன்னொன்று, ரெவிட் ஓப்பனிங்கை இரண்டு பக்கமும் கழித்துவிடுகிறது. கட்டிட வேலை அளவெடுப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1200 பகுதி 12 படி 0.5 சதுர மீட்டர் வரை கழிக்கவே கூடாது, அதற்கு மேல் 3 வரை ஒரு பக்கம் மட்டும், 3-ஐத் தாண்டினால்தான் இரண்டு பக்கமும் கழித்து ஓரப் பூச்சைச் சேர்ப்பது. 1.2-க்கு 1.2 ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் 1.44 திரும்பச் சேர், 0.6-க்கு 0.6 வென்டிலேட்டருக்கு 0.72. மேஸ்திரி பில்லில் இப்படித்தான் போட்டுக்கொண்டு வருவார், அன்றைக்கு லேப்டாப்பைத் திறந்து காட்டி ஒன்றும் ஆகாது.

ஹொரமாவு திருச்சிக்காரன்:
64 ஜன்னல், 32 வென்டிலேட்டர், 115 சதுர மீட்டர் கூடுகிறது. பீம் பக்கத்தை ராத்திரி உட்கார்ந்து போட்டுவிடுகிறேன். கம்பி மாடலில் வரையவே இல்லை அண்ணா, அதற்கு வேறு இழை போடுகிறேன், அங்கேயும் வந்துவிடுங்கள்.