மிர்-34ஏ சோதனை: கன்ட்ரோல் செல்களும் சாகின்றன, உதவுங்கள்
மதுரை ஆய்வக நண்பர்களுக்கு வணக்கம். ஏ549 நுரையீரல் புற்றுநோய் செல்களில் மிர்-34ஏ (புற்றுநோயை அடக்கும் குட்டி ஆர்என்ஏ) மிமிக்கை, அதாவது அதன் செயற்கை நகலை, செலுத்துகிறோம். 24 குழித் தட்டு, குழிக்கு 50,000 செல், 50 நானோமோலார் மிமிக், 1.5 மைக்ரோலிட்டர் லிப்போஃபெக்டமின் (ஆர்என்ஏவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் லிப்பிட் ரீஏஜென்ட்). 48 மணி நேரத்தில் நெகட்டிவ் கன்ட்ரோல் குழியிலும் (மிர்-34ஏக்குப் பதில் வேலை செய்யாத ஆர்என்ஏ போட்டது) செல்கள் உருண்டு மிதக்கின்றன. அப்புறம் மிர்-34ஏதான் கொன்றது என்று எப்படிச் சொல்வது?

லிப்பிட் நச்சு என்றே சந்தேகம். மிமிக்கை 10 நானோமோலாருக்கு இறக்கி, ரீஏஜென்டைப் பாதியாக்கி, 6 மணி நேரத்தில் மீடியம் மாற்றப்போகிறோம். ரீஏஜென்ட் மட்டும் போட்ட குழியும் வைக்கிறோம். மிர்-34ஏ மிமிக்கை லிப்பிட் உறையில் வைத்த எம்ஆர்எக்ஸ்34 மருந்தின் மனிதச் சோதனையே 2016-ல் கடுமையான நோயெதிர்ப்புப் பக்கவிளைவுகளால் நின்றது. லிப்பிட் வேலை எது, ஆர்என்ஏ வேலை எது என்று பிரிக்காமல் நகரக் கூடாது.

மைகோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவின் தொற்றும் காரணமாகலாம். செல்சுவர் இல்லாததால் பெனிசிலினுக்கு அடங்காது, மீடியமும் கலங்காது. பல்கலை நகர்ப் பக்கம் யாரிடமாவது அதற்கான பிசிஆர் கிட் இருக்கிறதா? சாம்பிள், பாசிட்டிவ், நெகட்டிவ் என மூன்று ரியாக்‌ஷன் போதும். ஐஸ் பெட்டியோடு நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம்.