பெரியப்பா உடலை மார்ச்சுவரியிலிருந்து வாங்க என்னென்ன வேண்டும்? அவசரம்

திருப்பூர்ப் பொண்ணு: பெரியப்பா தவறிவிட்டார். உடல் ஜி.எச். மார்ச்சுவரியில் இருக்கிறது. ரத்த சொந்தம் வந்தால்தான் தருவார்களாம். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, நான்தான் இருக்கிறேன். என்ன எடுத்துப்போக வேண்டும்? பஸ்ஸில் இருக்கிறேன்.

மலைரயில்: எந்த ஜி.எச்.? ஊட்டியா, குன்னூரா, கூடலூரா? வார்டில் இறந்தாரா, வீட்டிலா?

தேவாலாக்காரன்: ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை முடியாமல் தரமாட்டார்கள். பக்கத்து வீட்டில் அப்படித்தான் நடந்தது.

பழைய ரைட்டர்: அது கல்யாணமாகி 7 வருஷத்துக்குள் இறக்கும் பெண்களுக்கு. தெரியாததைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். கேட்கிறவரும் விவரத்தை முழுசாக எழுத வேண்டாமா? போலீஸ் வழக்கு உண்டா இல்லையா?

திருப்பூர்ப் பொண்ணு: எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லையாம். போலீஸ் எழுதிக்கொண்டு போயிருக்கிறது. பர்லியார் தாண்டியாச்சு, சிக்னல் விட்டுவிட்டு வருகிறது.

பழைய ரைட்டர்: அப்படியென்றால் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 194-வது பிரிவு, பழைய சட்டத்தில் 174. சாவுக்குக் காரணம் தெரியாதபோது போலீஸ் விசாரிக்கும் பிரிவு. முதலில் ஸ்டேஷனுக்குப் போங்கள். அவர்கள் விசாரணை முடித்துக் கடிதம் கொடுத்தால்தான் டாக்டர் போஸ்ட்மார்ட்டம் செய்வார். உடலையும் போலீஸ் மூலமாகத்தான் தருவார்கள்.

மலைரயில்: ராத்திரியிலும் போஸ்ட்மார்ட்டம் செய்யலாம் என்று 2021 நவம்பரிலேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. கேளுங்கள்.

பழைய ரைட்டர்: வெளிச்சமும் வசதியும் உள்ள ஆஸ்பத்திரியில் மட்டும். கொலை, தற்கொலை, சந்தேகம் என்றால் அதுவும் கிடையாது.

மலைரயில்: இதில் சந்தேகம் எங்கே வந்தது? வயசானவர், தூக்கத்தில் போயிருக்கிறார்.

பழைய ரைட்டர்: வயசை அந்தப் பெண் எங்கே சொன்னார்?

கோத்தகிரி அக்கா: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தங்கச்சி, உன் ஆதார், அவர் ஆதார், ரேஷன் கார்டு, எது கிடைத்தாலும் நகலோடு எடுத்துக்கொள். அப்பா உயிரோடு இருந்தால் அவரையும் கூட்டிப் போ, கூடப்பிறந்தவர் கையெழுத்துப் போட்டால் கேள்வி வராது. லயத்து ஆட்கள் இரண்டு பேரை வரச் சொல். காடாத் துணியும் ஒரு வேட்டியும் வாங்கிக்கொள், உள்ளே கேட்பார்கள். அட்டையில் எழுதியிருக்கும் பெயரை நம்பி வாங்காதே. துணியை விலக்கி முகத்தைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடு. 108 உடலை ஏற்றாது. அமரர் ஊர்திக்கு 155377, இலவசம். உள்ளுறுப்பைப் பரிசோதனைக்கு எடுத்தால் முடிவு வரத் தாமதமாகும். அதற்காக உடலை நிறுத்திவைக்க மாட்டார்கள், பயப்படாதே.

தேவாலாக்காரன்: இறப்புச் சான்றிதழ் சொந்த ஊரிலா, இங்கேயா?

கோத்தகிரி அக்கா: இறந்த இடத்தில்தான். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை.

திருப்பூர்ப் பொண்ணு: உடல் கிடைத்துவிட்டது அக்கா. அப்பாதான் கையெழுத்துப் போட்டார். எஃப்.ஐ.ஆர். நகலும் வாங்கியாச்சு. வண்டியில் இருக்கிறோம், அப்புறம் எழுதுகிறேன்.