குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் தங்கும் நாட்களை ஒப்பிடுவது எப்படி?

செவிலியர் முதுநிலை மாணவி, தருமபுரி:
வணக்கம். தருமபுரியில் ஓர் அரசு மருத்துவமனையிலும் ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையிலும் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை நாள் தங்குகிறார்கள் என்று ஆய்வேட்டுக்காக ஒப்பிட்டு வருகிறேன். தருமபுரியின் சராசரி குறைவாக வந்ததால் மகிழ்ந்து வழிகாட்டியிடம் காட்டினேன். அவரோ பதிவேட்டை மறுபடியும் படித்து வரச் சொல்லிவிட்டார். எங்கே தவறினேன்?

குழந்தை மருத்துவர், ஓசூர்:
அம்மா, அந்தக் குழந்தைகள் எப்படி வெளியேறினார்கள் என்று முதலில் பாருங்கள். ஒரே நாளில் குணமாகி வார்டுக்குச் சென்ற குழந்தையும், சேர்ந்த அன்றிரவே இறந்த குழந்தையும், வென்டிலேட்டர் தேவைப்பட்டு மறுநாளே சேலத்துக்கோ பெங்களூருக்கோ அனுப்பப்பட்ட குழந்தையும் உங்கள் கணக்கில் ஒரே "ஒரு நாள்" ஆகிவிடுகிறார்கள். கடைசியாகச் சொன்ன குழந்தையின் நீண்ட சிகிச்சை வேறோர் ஊரின் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும்.

நோயின் வகையும் முக்கியம். நம் பக்கத்தில் தேள் கொட்டி வரும் குழந்தைகள் பிரசோசின் என்ற மருந்தைக் கொடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் தேறிவிடுகிறார்கள். டெங்குவில் அபாயக் கட்டம் 24 முதல் 48 மணி நேரம்தான். ஆனால் நரம்புகளைத் தாக்கும் குய்லான் பாரே நோயில் மூச்சுத் தசை செயலிழந்த குழந்தை வாரக்கணக்கில் இருக்க நேரும். சேரும்போதே இருந்த தீவிரத்தை அளக்க 2013இல் வெளியான பிம்-3 போன்ற மதிப்பெண்கள் இருக்கின்றன என்றாலும், அவை இறப்பு அபாயத்தைக் கணிக்க உருவானவை, தங்கும் நாட்களைக் கணிக்க அல்ல.

புள்ளியியல் ஆசிரியர், கிருஷ்ணகிரி:
சராசரியையே முதலில் கைவிடுங்கள். ஒன்பது குழந்தைகள் இரண்டிரண்டு நாட்களும் ஒரு குழந்தை 42 நாட்களும் இருந்ததாக வைத்துக்கொள்வோம்: சராசரி 6, இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) 2. அந்த 6 நாட்கள் அங்கிருந்த எந்தக் குழந்தையின் கதையும் அல்ல. இறப்பை "துண்டிக்கப்பட்ட தரவு", அதாவது முடிவு தெரியும் முன்பே கண்காணிப்பு நின்றுபோன தரவு, என்று வைத்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் இறந்த குழந்தை பின்னொரு நாள் டிஸ்சார்ஜ் ஆகக்கூடும் என்று கணக்கு நம்பிவிடும். இறப்பைப் போட்டி நிகழ்வாக, அதாவது டிஸ்சார்ஜ் இனி நடக்கவே முடியாதபடி செய்துவிடும் நிகழ்வாக, கொள்ள வேண்டும். மேலும், தங்கிய காலத்தைத் தேதியைக் கொண்டு எண்ணினீர்களா, மணியைக் கொண்டு எண்ணினீர்களா? மாலை ஆறு மணிக்கு வந்து மறுநாள் காலை எட்டு மணிக்குப் போன குழந்தை, தேதிகளை எண்ணினால் இரண்டு நாள், மணிகளை எண்ணினால் பதினான்கு மணி நேரம்தான்.

ஒரு தந்தை, பாலக்கோடு:
நான் மருத்துவம் படித்தவன் அல்லன். என் மகளுக்கு நிமோனியா வந்தபோது, வார்டுக்கு மாற்றலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகும், வார்டில் படுக்கை காலியாக இல்லாததால் மேலும் இரண்டு நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே இருந்தோம். அந்த இரண்டு நாட்களை நோயின் கணக்கில் எழுதுவீர்களா, படுக்கையின் கணக்கில் எழுதுவீர்களா?

செவிலியர் முதுநிலை மாணவி, தருமபுரி:
ஐயா, அதற்கென ஒரு பத்தியே என் படிவத்தில் இல்லை. மாற்றலாம் என்று கேஸ் ஷீட்டில் எழுதிய நேரத்தையும் குழந்தை உண்மையில் வெளியேறிய நேரத்தையும் இனித் தனித்தனியே குறிக்கிறேன். வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளைத் தனிப் பட்டியலாக்கியபோது, தருமபுரியின் "ஒரு நாள்" குழந்தைகளில் கணிசமானோர் அந்தப் பட்டியலில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.