புதுப்பிப்பு: சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆன ரைசன் 5600எக்ஸ் பிராசசர்

போன மாதம் கேட்டிருந்தேன்: வோல்டேஜைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசர் செட்டிங்கில் எல்லா கோருக்கும் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) மைனஸ் 30 படி வைத்தேன், சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருள் அரை மணி நேரம் ஓடியும் சிக்கல் எதுவும் வரவில்லை, பாட்டுக் கேட்கும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறதே என்று.

தவறு என் செட்டிங்கில்தான். முழுச் சுமையில் ஆறு கோரும் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. ஒற்றைக் கோர் ஓடும்போதுதான் 4.6 கிகாஹெர்ட்ஸ் வரை துள்ளுகிறது. அந்த உச்சத்தில் நான் குறைத்த வோல்டேஜ் போதவில்லை. எல்லா கோரையும் ஒன்றாக ஓட்டும் சினிபெஞ்ச் மல்டி கோர் சோதனை அந்த இடத்தைத் தொடுவதே இல்லை!

கோர்சைக்கிளர் என்ற சோதனை மென்பொருளை இரவு முழுக்க ஓடவிட்டேன், ஒவ்வொரு கோராக. இரண்டு கோர்கள் பிழை காட்டின. அவற்றை மைனஸ் 12க்குக் கொண்டுவந்தேன், மற்றவை மைனஸ் 25. மூன்று வாரமாக ஒரு ரீஸ்டார்ட்கூட இல்லை. கோர் கோராகச் சோதிக்கச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி.