போர்டோ டிரம்முக்குள் இருப்பது கலவையா, சேர்மமா?

மலை டீச்சர்:
கீழ்ப்பழனி மலையில் 9-ஆம் வகுப்புக்குக் கலவை, சேர்மம் பாடம் எடுக்கிறேன். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துப் பிள்ளைகள் காப்பிக்கும் மிளகுக்கும் போர்டோ என்ற பூஞ்சைக்கொல்லிக் கலவை அடிப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். அதையே வகுப்பில் செய்து காட்டலாம் என்று எண்ணம். அதில் மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் சேர்ந்தால் வருவது கலவையா, சேர்மமா? 1 லிட்டருக்கு என்ன அளவு?

பனிமூட்டம்:
இரண்டுமே நீரில் கலப்பதுதானே டீச்சர்? நிறமும் நீலமாகவே இருக்கிறது. கலவைதான்.

காப்பிக்காடு:
அளவை மட்டும் நான் சொல்கிறேன். 1% போர்டோ 1 லிட்டருக்கு மயில்துத்தம் 10 கிராம், கல் சுண்ணாம்பு (நீற்றாத சுட்ட சுண்ணாம்பு) 10 கிராம். ஒரு பிளாஸ்டிக் வாளியில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றித் துத்தத்தைக் கரையுங்கள். இரும்பு, தகரப் பாத்திரம் கூடவே கூடாது. இன்னொன்றில் சுண்ணாம்பின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து நீற்றுங்கள். சூடு பறக்கும், கண்ணில் தெறித்தால் ஆபத்து, பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும். ஆறியதும் மீதித் தண்ணீர் சேர்த்துத் துணியில் வடிகட்டி, அந்தச் சுண்ணாம்புப்பாலில் துத்தக் கரைசலைக் கலக்கிக்கொண்டே ஊற்றுங்கள். மாற்றி ஊற்றினால் துகள் பெரிதாகி அடியில் தங்கும், தெளிப்பான் மூக்கு அடைக்கும்.

பிறகு துரு இல்லாத இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் ஏறினால் கரைந்த செம்பு மிச்சமிருக்கிறது, இலையைக் கருக்கும். இன்னும் சுண்ணாம்புப்பால் விட வேண்டும். ஸ்டெயின்லெஸ் கத்தி இதற்கு ஆகாது.

பை திறந்து நாளான சுண்ணாம்பு காற்றுப்பட்டுக் கார்பனேட்டாகியிருக்கும். வினிகர் ஒரு சொட்டு விட்டால் பொங்கும். பொங்கினால் வேறு வாங்குங்கள். கத்திச் சோதனை தோற்பதற்கு பெரும்பாலும் இதுதான் காரணம்.

சோதனைக்குழாய்:
பனிமூட்டம் தம்பி, நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஊற்றும்போதே தெளிந்த நீலம் போய், வான்நீலத்தில் கூழ் மாதிரி கலங்கிவிடும். வேதிவினை நடந்துவிட்டது, செம்பு ஹைட்ராக்சைடு சார்ந்த சேர்மமும் ஜிப்சமும் புதிதாக உண்டாகின்றன. வாளியில் இருப்பது இந்தச் சேர்மங்கள், வினைபுரியாத சுண்ணாம்பு, தண்ணீர் எல்லாம் சேர்ந்த தொங்கல், அதாவது துகள்கள் கரையாமல் நீரில் மிதக்கும் கலவை. சேர்மங்களைக் கொண்ட கலவை என்று சொல்லிக் கொடுங்கள், டீச்சர்.

அளவிலேயே வித்தியாசம் புரியும். 10 கிராம் துத்தத்துக்கு வேதிக்கணக்குப்படி 2.25 கிராம் சுத்தமான சுட்ட சுண்ணாம்பு போதும். நாம் 10 கிராம் போடுகிறோம், மிச்சம் சும்மா கலந்து கிடக்கிறது. காப்பி இலைத்துருவுக்கு 0.5%, மிளகு வாடலுக்கு 1%. பிரான்சில் திராட்சைக்காக 1885-இல் தாவரவியலாளர் மில்லார்டே வெளியிட்ட அளவு இதைவிடப் பல மடங்கு அடர்த்தி. கலவையின் விகிதம் நம் இஷ்டம். சேர்மமான துத்தப் படிகத்திலோ எடையில் 36% தண்ணீர், 25.5% செம்பு, எந்தக் கடையில் வாங்கினாலும் சுத்தமான துத்தத்தில் அது மாறாது. சோதனைக் குழாயில் மிதமாகச் சூடாக்கினால் நீலம் வெளுக்கும், ஆறியபின் ஒரு சொட்டு நீர் பட்டால் திரும்பும். சூட்டில் வெளியேறியது படிகத்துக்குள் இருந்த அந்தத் தண்ணீர்தான்.

மலை டீச்சர்:
நன்றி சார். வடிகட்டினால் செம்பு பிரியுமா என்று பிள்ளைகள் கேட்பார்களே?

சோதனைக்குழாய்:
வடிதாளில் நீலக் கூழ் நிற்கும், கீழே தெளிந்த நீர் இறங்கும். கலவையைப் பிரித்தாயிற்று, ஆனால் கூழை எத்தனை முறை கழுவினாலும் செம்பு வராது. 4% வினிகரை கூழின் மேல் விடுங்கள். 100 மில்லி போர்டோவின் கூழுக்கு ஏறக்குறைய 50 மில்லி பிடிக்கும், அதில் முக்கால் பங்கை மிச்சச் சுண்ணாம்பே குடித்துவிடும். நீலம் கரைந்ததும் மணற்தாளில் தேய்த்த ஆணியைப் போட்டால் அதன்மேல் செம்பு ஏறும். வினை நடந்தால்தான் செம்பு வெளியே வரும்.

காப்பிக்காடு:
வினிகர் விடாத மிச்சத்தை அன்றைக்கே மிளகுக் கொடிக்கு அடித்துவிடலாம், அடுத்த நாள் வைத்தால் இலையில் ஒட்டாது. ஆனால் பனி இறங்கி இலை காயாத நேரத்தில் அடிக்காதீர்கள், கருகும். வினிகர் விட்டதை இலைக்கு அடிக்கவே கூடாது. ஓடையிலும் கொட்ட வேண்டாம், மீன் சாகும்.